ஐந்தா, ஆறா? – தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் உயிர் வரிசை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். அடியேன் பட்டம் பெற்ற புலவன் அல்லன், பயறு வியாபாரி. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றது. 1980-ல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பம்பாய்க்கு ரயிலேறி, தாணா பந்தரில் ஒரு தானியக் கடையில் கணக்கு எழுதினேன். மொத்தச் சந்தை வாஷிக்குப் போனபின் அங்கே சொந்தக் கடை. தமிழ் நூல்களை நான் படித்ததெல்லாம் லாரி வராத மத்தியான வேளைகளில், மூட்டைமேல் உட்கார்ந்துதான். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்துத் திருத்த வேண்டுகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள், உயிர் என்பது எது, உயிர்களை எப்படி வரிசைப்படுத்துவது என்பது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலாகிய மரபியலில் இதுபற்றிச் சில சூத்திரங்கள் உண்டு. மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அவற்றை வைத்து இரண்டு முழக்கங்கள் நெடுநாளாக நடக்கின்றன. ஒன்று, எங்கள் சமணத் தரப்பு முழக்கம்: "அறிவை எண்ணி உயிரைப் பிரிப்பது சமணக் கொள்கை, ஆகவே தொல்காப்பியர் சமணர்." பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை போன்ற பேரறிஞரே தொல்காப்பியரைச் சமணர் எனக் கொண்டதால், எங்களுக்கு இதில் பெருமை அதிகம். மற்றொன்று பொதுத் தமிழ் முழக்கம்: "டார்வினுக்கு முன்பே தொல்காப்பியர் சொல்லிவிட்டார்." நானும் இரண்டையும் மேடையில் பேசியவன்தான். இன்று அவ்விரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மரபியல் சொல்வது

மரபியல் உயிர்நூல் அன்று. விலங்கு, பறவை, மரங்களின் இளமைப் பெயர் என்ன, ஆணுக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்று சொல்மரபு கூறும் இயல். அதன் நடுவிலேதான் இந்த வரிசை வருகிறது. உடம்பால் மட்டும் அறிவது ஓரறிவு. அதனோடு நா சேர்ந்தால் இரண்டு, மூக்குச் சேர்ந்தால் மூன்று, கண் நான்கு, செவி ஐந்து, மனம் ஆறு. பிறகு எடுத்துக்காட்டுகள்: புல்லும் மரமும் ஓரறிவு, நந்து, முரள் ஈரறிவு, சிதல் என்னும் கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்கும் மாக்களும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. ஒவ்வொரு படியிலும் அந்த இனத்தைச் சேர்ந்த பிறவும் உண்டு என்று வாசலைத் திறந்தே வைக்கிறார். 'இவ்வளவுதான்' என்று எங்கும் பூட்டவில்லை. அந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

இதில் டார்வின் எங்கே வந்தார்? 1859-ல் வெளிவந்த டார்வின் நூல், ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனம் காலப்போக்கில் கிளைத்தது என்கிறது. தொல்காப்பியர், எறும்பிலிருந்து தும்பி வந்தது என்று எங்கும் சொல்லவில்லை. அவருடையது ஏணி, டார்வினுடையது மரம். ஏணியையும் மரத்தையும் ஒன்றென்பது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

ஒப்பிட வேண்டுமானால் கிரேக்க அரிஸ்டாட்டிலோடு ஒப்பிடலாம். அவரும் படி வைத்தார்: செடிக்கு உணவு கொண்டு வளரும் ஆற்றல், விலங்குக்கு அதனோடு உணரும் ஆற்றல், மனிதனுக்கு அவற்றோடு சிந்திக்கும் ஆற்றல். ஆனால் செடிக்கு உணர்ச்சி இல்லை என்று விட்டுவிட்டார். தொல்காப்பியரோ புல்லுக்கும் தொடுஉணர்வு தந்தார். இங்கேதான் நம் நாட்டுச் சிந்தனை வேறு வழியில் போகிறது. வளர்கிறதா, தின்கிறதா என்பது நம் முதல் கேள்வி அல்ல. அது என்ன அறிகிறது என்பதே முதல் கேள்வி.

நன்னூல் என்னும் உரைகல்

சரி, தொல்காப்பியர் சமணரா? இதைச் சோதிக்க ஒரு நல்ல உரைகல் நம் கையிலேயே இருக்கிறது. என்னவோ, யாரும் அதை எடுத்து உரைத்துப் பார்ப்பதில்லை. பவணந்தி முனிவர் சமணர் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. அவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலில், சொல்லதிகாரத்து உரியியலில், இதே பொருளைத் திரும்பச் சொல்கிறார். புல், மரம், முரள், நந்து, சிதல், எறும்பு, தும்பி எல்லாம் தொல்காப்பியத்திலிருந்து எடுத்த சரக்கே. ஆனால் மூட்டையைக் கட்டும் விதத்தில் மூன்று மாற்றம் செய்கிறார்.

முதல் மாற்றம்: படி ஆறு இல்லை, ஐந்துதான். ஐந்தாம் படியில் தேவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறார். இரண்டாவது: நரகரும் தேவரும் உள்ளே வருகிறார்கள். நான்கு கதிகளில் உயிர் பிறந்து உழல்கிறது என்னும் சமணக் கணக்கு இது. மூன்றாவது: வரிசையை முடித்தவுடன், உணர்வை இயல்பாக உடையது உயிர் ஒன்றே, உடம்பு முதலான மற்றவையெல்லாம் உயிரல்லாத பொருள் என்று எல்லைக்கோடு போடுகிறார். இது சீவம், அசீவம் என்னும் சமணத் தத்துவத்தின் நேர்த் தமிழாக்கம்.

இப்போது தொல்காப்பியரைத் திரும்பப் பாருங்கள். நரகர் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. ஐந்துக்கு மேல் ஆறு வைத்து மனிதனுக்குத் தனிப்படி கொடுத்துவிட்டார். தத்துவார்த்த சூத்திரமோ புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்று ஒவ்வொன்றாகப் பொறியைக் கூட்டிக்கொண்டே போய் ஐந்தோடு நிறுத்துகிறது. மனத்தை ஆறாவது படியாக வைக்காமல், ஐம்பொறி உயிர்களுக்குள்ளேயே மனம் உடையவை, மனம் இல்லாதவை என்று பிரிக்கிறது. பசுவும் யானையும் மனம் உடையவை. மேலும் சமணத்தில் ஓரறிவு என்றால் செடிகொடி மட்டுமல்ல. மண், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடம்பாகக் கொண்ட உயிர்களும் உண்டு. தொல்காப்பியத்தில் அந்த நான்கின் பேச்சே இல்லை.

பின் அந்த ஆறாம் அறிவு எங்கிருந்து வந்தது? என் எண்ணம் இது: அது இலக்கணத்தின் தேவையிலிருந்து வந்தது. தொல்காப்பியரின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்னும் பிரிவில்தான். மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. சொல்லில் பிரித்த மனிதனைப் பொருளிலும் பிரித்துக் காட்ட ஓர் ஆறாம் படி வேண்டியிருந்தது. பவணந்தியாரும் மக்கள், தேவர், நரகர் உயர்திணை என்று திணை பிரிக்கத்தான் செய்கிறார். ஆனால் உயிரை எண்ண வரும்போது திணையை ஓரமாக வைத்துவிட்டு, அரசனையும் காக்கையையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார்.

என் கட்சிக்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தராசில் கை வைக்கக் கூடாது. சில பதிப்புகளில் காணும் ஒரு சிறு சூத்திரம், விலங்குகளில் ஒரு சாராருக்கும் ஆறாவது அறிவு உண்டு என்கிறது. அது மூலபாடம் என்றால் தொல்காப்பியர் சமணக் கருத்துக்கு ஓரடி நெருங்கி வருகிறார். இருந்தாலும் அந்த ஒரு சூத்திரத்தை வைத்து மதம் தீர்மானிக்க முடியாது. படிமையோன் என்னும் பாயிரச் சொல் முதலான வேறு சான்றுகளைக் கொண்டு வாதிடுவோர் வாதிடட்டும். இந்த உயிர் வரிசையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அது எதிராளிக்கே சாட்சி சொல்லும்.

பூதக்கண்ணாடியில் எறும்பு

பயறு தரம் பார்க்கக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். ஒருநாள் எறும்பை அதன்கீழ் பார்த்தேன். அட, கண் இருக்கிறது! மூவறிவு என்று பாட்டி காலம் முதல் ஒப்பித்த எறும்புக்குத் தலையின் இருபுறமும் கண். பெரும்பாலான எறும்பு இனங்களுக்குப் பல சில்லுகளாலான கூட்டுக்கண் உண்டு என்று பிறகு படித்தேன். நத்தைக்கு உணர்கொம்பின் நுனியிலே கண். மோப்பமும் நன்றாக உண்டு. தேனீ தன் உணர்கொம்பினால் காற்றின் அதிர்வை உணர்கிறது. கூட்டுக்குள் அது ஆடும் ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. செடியும் தொடுஉணர்வோடு நிற்கவில்லை; ஒளி வரும் திசையை உணர்ந்து வளைகிறது. ஆக, தொல்காப்பியம், நன்னூல், எங்கள் ஆகமம் மூன்றின் பட்டியலிலும் பிழை உண்டு. வேலைக்காரக் கறையான்கள் பெரும்பாலும் குருடு என்பதால், அங்கே மட்டும் பட்டியல் தப்பித்தது.

இதை ஒப்புக்கொள்வதால் நூலுக்கு ஒரு குறைவும் இல்லை. கண்ணால் பார்த்துச் சொன்னது கண்ணளவு. அப்படிப் பார்த்துச் சொன்னதில் மிகச் சரியானதும் உண்டு. அதே மரபியலில், வெளிப்புறம் வயிரம் உள்ளது புல், உட்புறம் வயிரம் உள்ளது மரம் என்று பிரிக்கிறார். பனையையும் மூங்கிலையும் அறுத்துப் பார்த்த தச்சனுக்கு இது தெரியும்: ஓரம் இரும்பு, நடு சோறு. ஒருவித்திலைத் தாவரங்களில் நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் உடம்பெங்கும் சிதறிக் கிடப்பதும், பனையில் அவை ஓரத்தில் நெருங்கி நிற்பதும்தான் காரணம் என்கிறது இன்றைய தாவரவியல். வேம்பு, தேக்கில் வளையம் வளையமாக மரம் ஏறி, நடுவில் வயிரம் பாய்கிறது. உயிரை அதன் உடல் அமைப்பால் வகைப்படுத்திய இந்த ஒரு சூத்திரம், அறிவை எண்ணிய ஆறு சூத்திரங்களைவிட வலிமையானது என்பது என் கருத்து. மேடையில் இதைத்தான் முழங்க வேண்டும்.

எங்கள் தரப்பு அன்பர்களுக்கு மேலும் இரண்டு வேண்டுகோள். நிகோத உயிர்களைப் பாக்டீரியா என்று சொல்லாதீர்கள். நிகோதம் என்றால் எண்ணற்ற உயிர்கள் ஒரே உடம்பையும் ஒரே மூச்சையும் பகிர்ந்துகொள்வது. பாக்டீரியா ஒவ்வொன்றுக்கும் தனி உடம்பு உண்டு. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக ஒன்றாகிவிடா. அடுத்தது, ஜகதீச சந்திர போஸ் செடிக்கு உயிர் உண்டென நிரூபித்தார் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். 1902-ல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் காணும் தூண்டல் விளைவு பற்றியது. உலோகக் கம்பியிலும் அது போன்ற விளைவைக் கண்டதாக எழுதினார். அப்படியானால் தூண்டினால் துடிப்பது மட்டும் உயிருக்கு அடையாளமாகாது.

பத்துப் பிராணன்

அப்போது எது அடையாளம்? அறிவு எண்ணிக்கையைவிட ஆழமான ஒன்று எங்கள் நூல்களில் இருக்கிறது. அதை நாங்களே மறந்துவிட்டோம். ஐம்பொறி, மனபலம், வாக்குபலம், காயபலம், மூச்சு, ஆயுள் என்று பிராணன் பத்து. மனமுள்ள ஐம்பொறி உயிருக்குப் பத்தும் உண்டு. ஓரறிவு உயிருக்கு நான்கு: தொடுஉணர்வு, உடல்வலி, மூச்சு, ஆயுள். புல்லுக்கு மூச்சு உண்டு என்று கணக்கெழுதிய மனிதரை நினைத்துப் பாருங்கள்! உணர்தல், இயங்குதல், உள்வாங்கி வெளிவிடுதல், முடிவு உடைமை என்னும் நான்கும் சேர்ந்த அமைப்பு உயிர் என்றாகிறது. இன்றைய பாடநூல்கள் செல்லால் ஆனது, உணவை ஆற்றலாக்குவது, வளர்வது, இனம் பெருக்குவது என்று அடுக்குகின்றன. அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கோவேறு கழுதை இனம் பெருக்குவதில்லை. அதற்கு உயிர் இல்லையா? 1935-ல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலை வைரஸை உப்புப் போலப் படிகமாக்கினார். அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் மறுபடி நோய் வந்தது. அது உயிரா, உப்பா? அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

எனக்கு வைரஸ் வரை போக வேண்டியதில்லை. கடைச் சரக்கே போதும். எங்க அப்பா விதைக்குப் பயறு எடுக்கும்போது குத்தூசியால் மூட்டையில் குத்தி ஒரு பிடி எடுப்பார். நூறு எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைப்பார். "பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்டா. நனைச்சாத்தான் தெரியும் எதுக்கு உயிர் இருக்குன்னு" என்பார். காய்ந்த பயறு உண்பதில்லை, வளர்வதில்லை. மூச்சும் இருப்பது தெரியாத அளவு. தொல்காப்பியத்து ஏணியிலும் நன்னூல் ஏணியிலும் உறங்கும் வித்துக்குப் படி இல்லை.

எனக்குப் பக்கத்துக் கடை குஜராத்தி சேட், சுவேதாம்பரர். தீயும் காற்றும் அசையும் உயிரா, நிலை உயிரா என்று எங்களுக்குள் முப்பது வருஷ வழக்கு. அவர்கள் பாடத்தில் அசைபவை, எங்கள் திகம்பர பாடத்தில் நிலையானவை. ஒரே சூத்திர நூலுக்கு இரண்டு பாடம்! அவர்தான் சொன்னார்: "உங்க தமிழ் நூலில் இல்லாதது எங்க ஆகமத்தில் இருக்கிறது, பாயி." தானியத்தின் முளைக்கும் ஆற்றலுக்கு அங்கே காலக்கெடு கொடுத்திருக்கிறார்களாம்: நெல், கோதுமை வகைக்கு அதிகபட்சம் மூன்று வருஷம், பயறு வகைக்கு ஐந்து, ஆளி போன்றவற்றுக்கு ஏழு. சாதாரணக் கிடங்கில் வைத்த சரக்குக்கு என் அனுபவத்தில் இது ஏறக்குறைய ஒத்துவருகிறது. ஆனால் இதையும் கல்வெட்டாகக் கொள்ள முடியாது. இஸ்ரேலில் மசாதாக் கோட்டை இடிபாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-ல் நட்டபோது முளைத்தது. சேட்டிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ கெடு தப்பு, கேள்வி சரி" என்றார். இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

கிடங்கில் கற்றது

கடைசியாக என் குற்றம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் பச்சைப் பயறில் வண்டு விழுந்துவிட்டது. பயற்றின் மேல்தோலில் வெள்ளைப் புள்ளியாக முட்டை. புழு உள்ளே குடைந்து வளர்ந்து வண்டாகி, வட்டத் துளை போட்டு வெளியே வரும். ஓர் உயிருக்குள் ஓர் உயிர் வீடு கட்டும் விதம் அது. அப்பா காலத்தில் வெயிலில் காயவைத்தல், வேப்பிலை, விளக்கெண்ணெய். எனக்கு இருநூறு மூட்டை, வங்கிக் கடன். உரிமம் பெற்ற ஆட்களை அழைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, மருந்து மாத்திரை வைக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தபோது தரையெல்லாம் வண்டு. அன்று இரவு நன்னூல் உரியியலைத்தான் புரட்டினேன். நான்கறிவு உயிரைக் கொன்றால் பாவம் எவ்வளவு, மூன்றறிவு என்றால் எவ்வளவு குறையும் என்று தேடினேன் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் புரிந்தது. உயிர் வரிசை என்பது கொல்வதற்கு விலைப்பட்டியல் அல்ல. கொடுமையைக் குறைக்க, எது எவ்வளவு உணரும் என்று முன்னோர் மனிதனைக் கேட்க வைத்த கேள்வி அது. ஆறாம் படியில் தனியாக ஏறி நின்று பார்த்தால், கீழே உள்ளதெல்லாம் சரக்கு. ஐந்தாம் படியில் காக்கையோடும் பசுவோடும் நின்று பார்த்தால், கீழே உள்ளதும் உறவு. தொல்காப்பியர் மனிதனைப் பிரித்தது மொழிக்குத் தேவைப்பட்டது. பவணந்தியார் சேர்த்தது வாழ்க்கைக்குத் தேவைப்படுகிறது. முன்னதை இலக்கணமாகவும் பின்னதை ஒழுக்கமாகவும் படித்தால் இரண்டு நூலுக்கும் நியாயம் செய்தவர்களாவோம்.

அதற்குப் பிறகு கோடையில் பெரிய இருப்பு வைப்பதில்லை. வாங்கிய சரக்கைச் சீக்கிரம் கைமாற்றி விடுகிறேன். லாபம் கொஞ்சம் குறைச்சல்தான். வண்டு வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன்; குறைந்திருக்கிறது. கற்றோர் என் கருத்தை மறுத்து எழுதினால் அடுத்த மலரிலேயே திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறேன். வணக்கம்.